விடை தெரியாத ரீடர்

1. "எனக்கு ரீடர் வேணாங்க மிஸ்"

நிவேதா இதைச் சொன்னபோது தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. என் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. ஹைடெக் லேப்பில், மூக்கு மானிட்டரில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

நான் சிறப்பாசிரியர். ஒரே பள்ளியில் உட்கார்ந்திருக்கிற வேலை இல்லை. தருமபுரியிலிருந்து பஸ் பிடித்து, ஒன்றியத்திலுள்ள பள்ளிகளுக்கு மாறி மாறிப் போவேன். பார்வை, காது, கை கால், படிப்பதில் சிரமம் என்று எந்தக் குறை உள்ள பிள்ளையானாலும், மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து பாடம் படிக்கவும் தேர்வு எழுதவும் என்ன ஏற்பாடு வேண்டுமோ அதைச் செய்து கொடுப்பது என் வேலை. இப்போது தேர்வெல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டதால் ஏற்பாடுகளும் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டன. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

நிவேதா அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தாள். குறைபார்வை. எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால் படிப்பாள், ஆனால் கொஞ்ச நேரத்தில் கண்ணில் நீர் வழியும், தலைவலி வந்துவிடும். அந்தப் பள்ளி எட்டோடு முடிகிறது. ஒன்பதாவது படிக்க வேண்டுமென்றால் நாலுவழிச் சாலையைத் தாண்டிப் போக வேண்டும். தருமபுரியில் விடுதியோடு ஒரு பள்ளி இருந்தது. அதில் சேர ஆன்லைன் தேர்வு.

அவள் அம்மா சாமந்திப்பூ பறிக்கப் போகிறவர். என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

"சீட்டு கெடைச்சா படிக்கட்டுங்க டீச்சர். இல்லன்னா வூட்டோட இருக்கட்டும். லாரி வர்ற வேகத்துக்கு அந்த ரோட்ட இவ எப்படிங்க தாண்டுவா?"

ஆக, இந்தத் தேர்வில் தேறினால் படிப்பு, தேறாவிட்டால் வீடு.

நான் திட்டம் போட்டு வைத்திருந்தேன். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து. பெரிய மவுஸ் பாயின்டர். ஜன்னல் வெளிச்சம் மானிட்டரில் அடிக்காத இடம். கூடுதல் நேரம். கேள்வியை வாசித்துக் காட்ட ஒரு ரீடர். முதலில் ஸ்கிரீன் ரீடர் சாஃப்ட்வேரைத்தான் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் வாசித்தது. படமும் கணக்கும் வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டது. அதனால் ஒரு மனிதக்குரல் இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. இவள் அதைத்தான் வேண்டாம் என்கிறாள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். "ஏன் கண்ணு, பாதியில தல வலிச்சா யாரு பதில் சொல்றது?" என்றேன்.

"வலிச்சா வலிக்கட்டுங்க மிஸ். போன டெஸ்ட்ல நான்தான் ஃபர்ஸ்ட்டு. கலைவாணி மிஸ் படிச்சாங்க. அவங்கதான் ஆன்சர் சொல்லிக் குடுத்தாங்கன்னு பசங்க எல்லாரும் சொல்றாங்க."

"சொல்லிக் குடுத்தாங்களா?"

அவள் மவுஸை இங்கும் அங்கும் நகர்த்தினாள்.

"வாயால சொல்லலீங்க மிஸ்."



2. நான் வாங்கிய முழு மதிப்பெண்

கலைவாணி டீச்சர் அறிவியல் ஆசிரியர். தங்கமான மனசு. நிவேதாவுக்குத் தலைவலி என்றால் தன் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பார். அவரைக் கூப்பிட்டு, "ஒரு மாதிரித் தேர்வு வச்சுப் பார்த்துடலாங்க டீச்சர், நீங்களே படிங்க" என்றேன். திரைக்கு முதுகைக் காட்டி, பின்னால் ஒரு நாற்காலியில் நானும் பேப்பர் பேனாவோடு உட்கார்ந்தேன். நிவேதா விடையை கிளிக் செய்ய, நான் என் பேப்பரில் குறித்துக்கொண்டு வந்தேன்.

எட்டாம் வகுப்பு அறிவியலை நான் மறந்து எத்தனையோ காலம் ஆயிற்று. "ஒலியின் உரப்பு எந்த அலகில் அளக்கப்படுகிறது?" என்று வந்தது. எனக்குச் சுத்தமாகத் தெரியாது. டீச்சர் படித்தார்: "ஹெர்ட்ஸ்." பிறகு ஒரு மூச்சு விட்டு, மெதுவாக, தாலாட்டுகிற மாதிரி, "டெ...சி...பல்." அப்புறம் "நியூட்டன் வாட்" என்று இரண்டையும் சேர்த்து ஓட்டிவிட்டார். நான் டெசிபலைக் குறித்தேன்.

இப்படியே எல்லாக் கேள்விக்கும் குறித்தேன். கடைசியில் திருத்திப் பார்த்தால் எல்லாமே சரி. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில்கூட நான் அறிவியலில் முழு மதிப்பெண் வாங்கியது கிடையாது.

பேப்பரைக் காட்டினேன். "பரவால்லீங்களே, சயின்ஸ் இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்க!" என்றார் கலைவாணி டீச்சர்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க டீச்சர். நீங்க படிச்ச விதத்தக் கேட்டே போட்டுட்டேன்."

அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது. "ஐயோ, நான் வேணும்னு பண்ணலீங்க. எனக்கே தெரியலீங்க. பாவம் புள்ள, கண்ணு தெரியாம..."

நிவேதா நாற்காலியோடு திரும்பினாள். "பாவம்னு சொல்லாதீங்க மிஸ். நான் படிச்சிட்டுதான் வந்தேன். நீங்க படிக்கறதுக்கு முந்தியே எனக்கு ஆன்சர் தெரியும். இப்ப அது என்னோட மார்க்குன்னு நானே சொல்ல முடியல."

சொல்லும்போது குரல் உடைந்தது. ஆனால் அழவில்லை. அந்தப் பெண்ணை நினைத்து அன்றைக்குப் பட்ட பெருமை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

பொதுத்தேர்வில் அந்தந்தப் பாட ஆசிரியரைப் பக்கத்திலேயே விடமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். லேப் தேர்வுக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. அந்த நேரத்தில் யார் சும்மா இருக்கிறாரோ அவரே ரீடர்.

3. தலைமையாசிரியரும் தேறவில்லை

அன்றைக்கே ஒரு விதி வைத்தேன். ரீடரை வாசிக்கச் சொல்லி, பாடம் தெரியாத ஒருவர் கேட்டு விடை போட வேண்டும். கேட்கிறவர் பாஸானால் ரீடர் ஃபெயில்.

விஷயத்தைக் கேள்விப்பட்டுத் தலைமையாசிரியர் லேப்புக்கே வந்துவிட்டார். "அட, இது ஒரு பெரிய விஷயமா டீச்சர்? கொண்டாங்க, நான் படிக்கறேன்" என்று கண்ணாடியை மாட்டினார். அவர் சமூக அறிவியல் எடுப்பவர். "மாநிலங்களவை உறுப்பினராகக் குறைந்தபட்ச வயது என்ன?" என்று கம்பீரமாகப் படித்தார். "பதினெட்டு" என்று படிக்கும்போதே சிரித்துவிட்டார். "இருபத்தஞ்சு" என்னும்போது உதட்டைப் பிதுக்கினார். "முப்பது" என்று மேஜையைத் தட்டினார். மனுஷனுக்குத் தப்பான விடையை மரியாதையாகப் படிக்கவே வரவில்லை. அதிலும் நான் பாஸ்.

"பழக்கதோஷம் டீச்சர்" என்று அவரே ஒத்துக்கொண்டார்.

அப்போது லேப் வாசலில் முருகேசன் சார் நின்றார். பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர். வாலிபாலுக்குக் காற்றடிக்கும் பம்ப் இருக்கும் அறைச் சாவியைக் கேட்டு வந்தவர். "நான் வேணா ஒருவாட்டி படிக்கட்டுங்களா?" என்றார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

முருகேசன் சார் நிமிர்ந்து நின்று படித்தார். மைதானத்தில் டிரில் எடுக்கிற அதே குரல். ஹெர்ட்ஸுக்கும் டெசிபலுக்கும் நியூட்டனுக்கும் வாட்டுக்கும் ஒரே கட்டளை, ஒரே அளவு, ஒரே இடைவெளி. சரியான விடையும் தப்பான விடையும் அவர் வாயில் வரிசையாக அட்டென்ஷனில் நின்றன. ஏற்கெனவே விடை தெரிந்த அந்த ஒன்றை விட்டுவிட்டு, புதுக் கேள்விகளுக்கு நான் யோசித்து யோசித்துப் போட்டும் பெரும்பாலும் தப்பு.

"சார், உங்களுக்கு இதுல எதுனா ஆன்சர் தெரியுங்களா?" என்றேன்.

"சத்தியமா தெரியாதுங்க மேடம். டெசிபல்னா ஏதோ மாத்திரை பேருன்னு நெனச்சேன்" என்று தலையைச் சொறிந்தார்.

அன்றைக்கு நிவேதா முதல் தடவையாகச் சிரித்தாள். "மிஸ், இவரே படிக்கட்டுங்க."

அப்புறம் முருகேசன் சாருக்குத் தினமும் மதியம் பயிற்சி. குரலைப் பாதியாகக் குறைக்க வைத்தேன். அதுதான் பெரும்பாடு. ஒரு விடையை மட்டும் திரும்பக் கேட்டாலும் கேள்வியிலிருந்து நாலு விடையையும் மறுபடி படிக்க வேண்டும். படம் வந்தால் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் இடமிருந்து வலமாகச் சொல்ல வேண்டும். எதற்கும் தலையாட்டக் கூடாது. அவர் இதையெல்லாம் ஒரு விளையாட்டுக்குரிய ரூல்ஸாக எடுத்துக்கொண்டு சுத்தமாகப் பழகினார். கலைவாணி டீச்சரும் ஒதுங்கிப் போய்விடவில்லை. தினமும் புதுக் கேள்விகள் தயாரித்துக் கொடுத்தவர் அவர்தான்.

4. தேர்வன்று

தருமபுரித் தேர்வு மையத்தில் தனி அறை கேட்டு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தேன். ஆனாலும் அங்கிருந்த அதிகாரி முருகேசன் சாரின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"பி.இ.டி.யா? ஒரு சயின்ஸ் டீச்சர் கெடைக்கலையாம்மா உங்களுக்கு?"

"கெடைச்சாங்க சார். நாங்கதான் வேணாம்னுட்டோம்."

காரணத்தைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே முருகேசன் சாரின் குரல் ஏறாமல் இறங்காமல் வந்துகொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்த பிறகும் வந்துகொண்டிருந்தது. கூடுதல் நேரம் முழுவதையும் நிவேதா பயன்படுத்தினாள். வெளியே வந்ததும் "தல வலிக்குதா?" என்றேன். "பசிக்குதுங்க மிஸ்" என்றாள். முருகேசன் சாருக்குத்தான் தொண்டை கட்டிவிட்டது.

சீட்டு கிடைத்தது. காலை வழிபாட்டில் தலைமையாசிரியர் அறிவித்தபோது நான் அங்கே இருந்தேன். கைதட்டல் அடங்குவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "இந்தத் தடவ யாரு ஆன்சர் சொன்னது?"

கலைவாணி டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். நிவேதா குனியவில்லை. "முருகேசன் சார்தான் படிச்சாரு. வேணும்னா அவரையே கேளு" என்றாள்.

பள்ளிக்கூடமே விசிலும் கையுமாக நின்ற முருகேசன் சாரைத் திரும்பிப் பார்த்தது. அவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"எனக்கா? எனக்கு அதுல ஒரு எழவும் தெரியாதுடா சாமிகளா! அத்தனையும் அந்தப் புள்ள போட்டது!"

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. கேள்வி கேட்ட பையனும் சேர்ந்து சிரித்தான். அதற்கப்புறம் அந்த மதிப்பெண் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இத்தனை வருட வேலையில் நான் கற்றுக்கொண்டதைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பிள்ளைக்கும் கேள்விக்கும் நடுவில் இருக்கும் தடையை எடுத்துவிடுங்கள். கேள்விக்கும் விடைக்கும் நடுவில் நீங்கள் போய் நிற்காதீர்கள். அந்த இடம் பிள்ளையுடையது. இரக்கத்தில் கொடுக்கிற மதிப்பெண், அவள் உழைத்து வாங்கியதையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

நிவேதா விடுதியில் தங்கிப் படிக்கிறாள். முருகேசன் சாரை இப்போது பாப்பாரப்பட்டி, மொரப்பூர்ப் பக்கமிருந்தெல்லாம் ரீடராகக் கூப்பிடுகிறார்கள். பஸ்ஸில் பார்த்தால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பக்கத்து சீட்காரருக்கும் கேட்கும்படி சொல்வார்:

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மேடம். அதான் என்னையக் கூப்பிடறாங்க!"