மூடியில் இருந்த துளை

மாத்தளையில் ஹார்ட்வேர் கடையொன்றில் வேலை செய்த என் கணவர், "இனி யாருக்கும் கை கட்டி நிக்கமாட்டேன்" என்று சொல்லி விலகி வந்து, வீட்டின் பின்புறத்தில் காளான் வளர்க்கத் தொடங்கினார். நானும் சந்தோஷமாகத்தான் கூட நின்றேன்.

மரத்தூள் நிரப்பிய பைகளை இரும்புப் பீப்பாய்க்குள் அடுக்கி, மூடியை இறுக்கி, விறகு மூட்டி, கிருமி சாக ஆவியில் அவிக்க வேண்டும். ஆவி வெளியேற மூடியில் சிறிய துளை உண்டு. அன்று மழை. காய்ந்த விறகு கொஞ்சம்தான் இருந்தது. அவர் அந்தத் துளைக்குள் துணியைத் திணித்து, குச்சி வைத்து அடித்து இறுக்கினார்.

"ஏங்க, அத அடைக்கலாமா?" என்றேன்.

"ஆவி வெளிய போனா விறகுதானே வீணாகுது. நீ போய் டீ ஊத்து."

கேத்தலை அடுப்பில் வைத்ததுதான் தாமதம், வீடே அதிர்ந்தது. ஓடினேன். பீப்பாயின் மூடி கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. அவர் வலது கையால் முகத்தை மறைத்தபடி நின்றார். கண்கள் தப்பின. கை வெந்துபோயிற்று. விரல்கள் இன்றும் நிமிரவில்லை.

காளானை நாங்கள் விடவில்லை. இந்தக் கையோடு அவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? இப்போது பீப்பாய் அடுப்பு என் பொறுப்பு. துளைக்குள் கம்பியை விட்டுப் பார்க்காமல் தீ மூட்டமாட்டேன்.

தாங்களும் தொடங்க வேண்டுமென்று நாலந்தாவிலிருந்துகூட பஸ் ஏறி ஆட்கள் வருகிறார்கள். லாபம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்கள். அவர் வலது கையால் டீயை நீட்டுவார். அந்தக் கையைப் பார்த்ததும் என்ன நடந்தது என்று கேட்பார்கள். அப்போதுதான் மூடியை எடுத்து வந்து துளையைக் காட்டுவேன்.