பின்கதவுப் பொட்டு

வண்டிக் கதவை விரல் முட்டியால் தட்டி, காதை ஒட்டிவைத்துக் கேட்டார் நல்லகாமன். விடிந்ததிலிருந்து இது எட்டாவது தடவை. டீயைக்கூட நின்றபடிதான் குடிப்பார். இரண்டு மடக்குக்கு நடுவே வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்துவிடுவார்.

திருமங்கலத்தில் அதற்கு மரக்கார் என்று பேர். எப்போதோ மலைத் தோட்டத்துத் துரை ஓட்டிய ஸ்டேஷன் வேகன். மூக்கு மட்டும்தான் தகரம். கதவு, தூண், முதுகு எல்லாம் மரம். கோழி அடைந்து கிடந்ததை வாங்கிவந்து ஆறு வருஷமாக இழைத்து நிமிர்த்தியிருந்தார். பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் அவர் தச்சர்.

“இது காரா மாப்ள, நெலை கதவு வச்ச வீடா?” என்பார் டீக்கடைச் சுருளி.

“மொதல்ல கையக் கழுவிட்டு வா மாப்ள. வார்னிஷுல வட எண்ணெயைத் தடவாத.”

அன்றைக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரியென்று எழுதிக் கொடுத்தால்தான் வண்டி ரோட்டில் ஏறலாம். “இல்லேன்னா ஆறு மாசத்துக்கு எனக்கு வெறகுக் கவல இல்ல” என்றாள் மனைவி இருளாயி. சொன்னவள்தான் விடியலில் போய்க் கருப்பசாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

எல்லாம் புதுத் தேக்கு. பின்கதவின் அடிக்கட்டை மட்டும் பழசு. “அம்புட்டையும் மாத்திட்டா அது வேற வண்டில்ல?” என்று விட்டுவைத்திருந்தார். அதில்தான் முந்தாநாள் பார்த்தார், செல்லரித்து விரல் நுழைகிற ஓட்டை. மாற்றுவதென்றால் கதவையே பிரிக்க வேண்டும். நாள் இல்லை.

பூசை போடும்போது மற்ற இடங்களில் காசளவு பொட்டு வைத்தார். அந்த இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்.

“என்ன, அது மட்டும் இம்புட்டுப் பெருசு?” என்றாள் இருளாயி.

“சாமிக்குத்தான.”

அதற்கப்புறம் அவருடைய கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. இன்ஸ்பெக்டர் வண்டிகளைச் சோதிக்கும் மைதானத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். ஸ்குரூடிரைவர் பிடியால் மரத்தைத் தட்டிக்கொண்டே பின்னால் வந்தார். பெரிய பொட்டைக் கண்டதும் ஸ்குரூடிரைவரைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றினார். குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார்.

“சாமி குடியிருக்கிற வண்டி. இதுல குத்திப் பாக்க என்ன இருக்கு? பேப்பரைக் கொண்டாங்க, கையெழுத்துப் போட்டுர்றேன்.”

நல்லகாமன் பேப்பரை எடுக்கவில்லை. ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீரில் தோள்துண்டை நனைத்தார். “கருப்பா, பொறுத்துக்கப்பா” என்று முணுமுணுத்துக்கொண்டே பொட்டை அழுந்தத் துடைத்தார்.

“ஐயா, இதையும் பாத்துட்டுப் போடுங்க.”

ஆள்காட்டி விரலை இரண்டாம் கணுவரைக்கும் ஓட்டைக்குள் விட்டுக் காட்டியபடி, அசையாமல் நின்றார்.