ராமையாவைக் கொண்டுபோனது டெங்கி அல்ல

ஈப்போவில் ஓர் ஒட்டுக்கடையில் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தபோது ராமையா போய்விட்ட செய்தி கைப்பேசியில் வந்தது. 'டெங்கி' என்று போட்டிருந்தார்கள். நம் பழைய தோட்டத்து மக்களே, நீங்கள் எல்லோரும் இன்றுவரை அதையே நம்புகிறீர்கள். அது டெங்கி அல்ல. அதைச் சொல்லவே எழுதுகிறேன். ராமையா என்னைவிட இளையவன். 'அவர்' என்று எழுதினால் எழுந்து வந்து சிரிப்பான். 'அவன்' என்றே எழுதுகிறேன்.

தோட்டத்தில் ரப்பர் மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. நாம் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்ததும் நாமெல்லாம் கோப்பெங் பக்கம் குடிபெயர்ந்தோம். அவன் மட்டும் மனைவியோடும் ஏழு மாடுகளோடும் ஒரு நாயோடும் தோட்டத்து எல்லையிலேயே கொட்டகை போட்டான். சாயங்காலமானால் மாட்டின் காதுக்குள் விளக்கடித்து, இடுக்கியால் உண்ணி பிடுங்கி மண்ணெண்ணெயில் போடுவான். கொண்டைக்கடலை அளவு இருக்கும். கடைத்தெருவில் நான் அதைத் தேங்காய் அளவாக்கினேன். ஓர் உண்ணி மாட்டையே முதுகில் சுமந்து காம்பார் வரை நடந்ததாகவும் அறிவித்தேன். பேராக் மாநிலமே சிரித்தது.

ஒருநாள் ஓர் உண்ணியை நகத்தால் நசுக்கப்போனேன். கையைப் பிடித்துக்கொண்டான்.

"நசுக்காதீங்கண்ணே. உள்ள என்ன சீக்கு வச்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"மாட்டு உண்ணிக்கு மனுசன் மேல என்னடா ஆசை?"

"காட்டுப்பன்னி படுத்த எடத்துல மாடு படுக்குது. மாட்டுக்குப் பக்கத்துல நாயி, நாயிக்குப் பக்கத்துல நானு. உண்ணிக்கு நாங்கல்லாம் பஸ்ஸு மாதிரிலா. ஏறி எறங்கிக்கிட்டே இருக்கும்."

அவ்வளவு விவரமானவனுக்குத்தான் காய்ச்சல் வந்தது. கிளினிக்குக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். பூச்சி ஏதும் கடித்ததா என்று டாக்டர் மலாயில் கேட்டார். ராமையா சட்டையைத் தூக்கத் தொடங்கினான். அதற்குள் என் திருவாய் மலாயிலேயே மலர்ந்தது: "இவன் ரத்தத்தக் குடிக்கிறது இவன் பொண்டாட்டி மட்டுந்தான் டாக்டர்." டாக்டர் சிரித்தார். தாதி சிரித்தாள். ராமையாவும் சிரித்துவிட்டுச் சட்டையை இறக்கினான். டெங்கியாக இருக்கலாம், தண்ணீர் நிறையக் குடி என்று அனுப்பிவிட்டார்கள்.

நான்கு நாள் கழித்துப் பெரிய மருத்துவமனையில் வேறொரு டாக்டர் அவன் அக்குளுக்குக் கீழே கறுத்துப்போன புண்ணைக் கண்டுபிடித்தார். உண்ணிக் கடி. "முதல் நாளே தெரிந்திருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பார்கள்" என்றார். வெறும் மாத்திரைதானாம். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது; ஊருக்கோ கிளினிக்கில் சொன்ன 'டெங்கி'தான் போய்ச் சேர்ந்திருந்தது.

காய்ச்சலோடு போனால் மாடு, நாய், செம்பனைக் காடு எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சட்டையைக் கழற்றிக் காட்டுங்கள். என்னைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள்.

காரியம் முடிந்த அன்று அவன் மனைவி செல்வி கேட்டாள்: "ஏண்ணே, பூச்சி கடிச்சுச்சான்னு அந்த டாக்டரு கேக்கவே இல்லியா?"

கேட்டார் என்றேன். அவளை வைத்து நான் அடித்த கேலி உட்பட, நடந்ததை நடந்தபடி சொன்னேன். என் ஆயுளில் நான் ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்ன கதை அது ஒன்றுதான். அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது, பாதி தூக்கிய சட்டையை இறக்கிவிட்டு, என் மனம் கோணக்கூடாது என்று அவன் சிரித்த அந்தச் சிரிப்பு. அதைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.