போசகருக்கு முப்பது நாள் தனிமை

அந்தோனியார் திருநாள் பூசை முடிந்ததும் நேர்த்திப் பொருட்களை ஏலம் விடுவது முல்லைத்தீவுக் கரையில் உள்ள அந்தச் சிறு கோவிலின் வழக்கம். பூசணிக்காய், வாழைக்குலை, இரண்டு சேவல் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஏலத்தில், முள்ளியவளையிலிருந்து யாரோ நேர்ந்துவிட்ட வெள்ளை ஆண் தாரா வாத்து ஒன்று, கழுத்தில் சிவப்பு றிபனோடு மேசையில் ஏறி நின்றது. சும்மா நின்றிருந்தால் பரவாயில்லை. ஒலிவாங்கியை எட்டிப் பார்த்து, தொண்டை கட்டிய உபதேசியார் மாதிரி இரண்டு தரம் கரகரத்தது. சனம் சிரித்த சிரிப்பில் ஸ்ரனிஸ்லஸ் கையைத் தூக்கிவிட்டார். அவருடைய மைத்துனர் மத்தேயுவும் தூக்கினார். தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

விருந்துக்குச் சமைக்கவென்று முன்னரே வீட்டுக்கு ஓடிவந்திருந்த புனிதம், கக்கத்தில் தாராவோடு வரும் புருசன் ஸ்ரனிஸ்லஸைக் கண்டதும் படலையை உட்பக்கமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சேருங்கோ, அங்கையே நில்லுங்கோ."

"என்ர வீட்டுக்கு நான் வரக்கூடாதோ?"

"நீங்கள் வரலாம். அது வராது."

புனிதத்தின் பயத்துக்குக் காரணம் இருந்தது. போன வருசம் தெருவால் போன லொறியொன்றில் இரண்டு தாரா வாங்கி, அன்று பின்னேரமே தன்னுடைய தாராக்களோடு விட்டாள். ஒன்பது நாளில், பதினாறு நின்ற வளவில் ஆறுதான் நின்றன. செத்ததுகளைத் தாழம்புதருக்குப் பின்னால் தானே கிடங்கு வெட்டித் தாட்டாள். மிஞ்சிய ஆறுக்கும் பேர் வைக்க மனம் வரவில்லை. பேர் வைத்தால் பிறகு அழவேண்டி வரும். ஆகவே பதவி கொடுத்தாள். பதவியென்றால் ஆள் மாறுவது வழமைதானே. தலைவி, உபதலைவி, செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர். முட்டை இடுவதில் செயலாளர்தான் கெட்டிக்காரி. பொருளாளர் இட்ட முட்டையை ஒளித்துவைப்பாள்.

மிருக வைத்தியர் அப்போது சொன்னதைப் புனிதம் மந்திரம் மாதிரிப் பாடமாக்கி வைத்திருந்தாள். "புதுசு வந்தால் முப்பது நாள் தனிய வையுங்கோ அம்மா. நோய் இருந்தால் அதுக்குள்ளை காட்டிப்போடும்."

வளவின் கடற்கரைப் பக்கம், நாற்பது எட்டு வைத்துப் போகும் தூரத்தில், அடி உடைந்த பழைய வள்ளம் ஒன்று கிடந்தது. சோளகக் காற்று தரையிலிருந்து கடலுக்குத்தான் அடிக்கும். புதியவரின் மூச்சு இந்தப் பக்கம் வராது. வள்ளத்துக்குள் வைக்கோல் பரப்பி, காகம் கொத்தாமல் மேலே பழைய வலையைப் போட்டு மூடினார்கள். புது வாளி, புது விளக்குமாறு. அங்கே போக ஒரு சோடிச் செருப்பு. அது அங்கேயே கிடக்கும். தன் ஆறுக்கும் தீன் வைத்த பிறகுதான் புதியவருக்கு. அங்கிருந்து வந்தால் முழங்கை வரைக்கும் சவர்க்காரம். கொரோனாக் காலத்தில் ஊர் முழுக்க அடைந்து கிடந்தபோதுகூட அவள் இவ்வளவு கவனமாகக் கை கழுவியதில்லை. ஸ்ரனிஸ்லஸ் ஒரு மட்டையில் 'தனிமைப்படுத்தப்பட்ட இடம்' என்று எழுதி வள்ளத்தில் கட்டினார். பகிடிக்குத்தான் கட்டினார். புனிதம் மழையில் நனையாமல் இருக்க அதை ஒரு பைக்குள் போட்டுத் திரும்பக் கட்டினாள்.

சங்கங்களில் புரவலருக்குக் கொடுப்பது போல, ஆண் தாராவுக்குப் போசகர் பதவி கிடைத்தது.

பதினொரு நாள் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டாம் நாள் காலை புனிதம் வைத்த தவிட்டையும் சோற்றையும் போசகர் திரும்பியும் பார்க்கவில்லை. கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு கண்ணை மூடினார். புனிதம் இடுப்பில் செருகியிருந்த கைபேசியை இழுத்தெடுத்தாள். வவுனியாவில் படிக்கும் மகள் டிலுசாவுக்கு வீடியோவில் அழைப்பு எடுத்தாள்.

"அம்மா, தாராவைக் காட்டுங்கோ. உங்கட நாடிதான் தெரியுது."

"தெரியுதோ இப்ப? ஒண்டும் தின்னுதில்லை பிள்ளை."

"மூக்கு ஒழுகுதோ? எச்சம் பச்சையாப் போகுதோ?"

"ஒண்டும் இல்லை. ஆனால் ஒரு மாதிரி இருக்கு."

"அம்மா, அது எனக்கு நித்திரை மாதிரித் தெரியுது."

எதற்கும் மிருக வைத்தியரிடமே கேட்போம் என்று கைகளைக் கழுவிக்கொண்டு புனிதம் வளவின் மறுபக்கம் வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள். பூவரச மர நிழலில் ஸ்ரனிஸ்லஸ் காலை நீட்டி இருந்து, வலையொன்றின் கிழிசலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நிர்வாகக் குழு ஆறு பேரும் அந்த வலையின் மேல் ஏறி நின்று, காய்ந்த செதில்களைக் கொத்திக்கொண்டிருந்தார்கள்.

"எந்த வலை அது?"

"வள்ளத்தில கிடந்தது. இதில ஒரு துண்டு நல்லாக் கிடக்கு. வள்ளத்துக்கு நான் தென்னோலைக் கிடுகு போட்டனான், காகம் வராது."

வாளி வேறு, விளக்குமாறு வேறு, செருப்பு வேறு. வலை மட்டும் இரண்டு பேருக்கும் நினைவுக்கு வரவில்லை. கடலில் பிழைக்கிற வீட்டில் வலையை அழுக்கென்று யார் நினைப்பார்கள்? உப்புத் தண்ணியில் அலசினதுதானே எல்லாம்.

புனிதம் நிலத்தில் குந்திவிட்டாள். "அது தின்னாமல் கிடக்குது. இதுகள் அதின்ர வலையைத் தின்னுதுகள். இந்த ஆறும் போச்சு."

அவள் முகத்தைப் பார்த்த ஸ்ரனிஸ்லஸ் வலையை மெல்லக் கீழே வைத்தார்.

"புனிதம், அது வருத்தத்தில இல்லை. வயிறு நிறைஞ்சு கிடக்கு."

"என்னண்டு?"

"கடலாலை வரேக்குள்ளை ஒரு பிடி சூடை மீன் குடுக்கிறனான். இண்டைக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு."

"ஒவ்வொரு நாளுமோ?"

"அது என்னைக் கண்டால் கதைக்குது."

"செருப்பு மாத்தினீங்களோ?"

"வெறுங்காலோட தானே போனனான்."

"பிறகு எந்தப் பக்கத்தால வீட்டுக் குசினிக்கு வந்தனீங்கள்?"

அவர் தாராக்கள் நின்ற வளவைப் பார்த்தார். பதில் அதிலேயே இருந்தது. புனிதத்துக்கு முதலில் கோபம் வந்தது. கோபம் பாதி வழியில் சிரிப்பாகி, சிரிப்பில் மூச்சு அடைத்து, முந்தானையால் வாயைப் பொத்தவேண்டி வந்தது. சிரித்து முடிந்ததும் எழும்பினாள்.

"சரி. இண்டைக்கு முதலாம் நாள். உங்களுக்கும் சேர்த்து."

அன்றிலிருந்து ஸ்ரனிஸ்லஸ் கடலால் வந்ததும் வெளி ஒழுங்கைத் தெருவால் சுற்றி, முன்வாசலில் கால் கழுவித்தான் வீட்டுக்குள் வரலாம். மத்தேயு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மச்சான், உனக்கு எத்தினையாம் நாள்? சாப்பாடு வாளியிலயோ வருது?" என்று விசாரிப்பார். வேறு ஆள் கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும்.

புதுக் கணக்கில் முப்பதாம் நாளும் ஆறும் தீனுக்குச் சண்டை பிடித்துக்கொண்டு சுகமாக நின்றன. புனிதம் வள்ளத்து விளிம்பில் ஒரு பலகையைச் சாய்த்தாள். போசகர் நாற்பது எட்டையும் ஒரு கலியாண மாப்பிள்ளையின் நிதானத்தோடு நடந்தார். தலைவி ஓடிவந்து அவருடைய வாலில் ஒரு கொத்துக் கொத்தினாள். செயலாளர் மறுபக்கம் கொத்தினாள். போசகர் ஸ்ரனிஸ்லஸ் கட்டியிருந்த சாரத்துக்குப் பின்னால் ஒளிந்தார்.

"புனிதம், சண்டை பிடிக்குதுகள். இன்னும் ரெண்டு நாள் தனிய வைப்பமே?"

"பேசாமல் நில்லுங்கோ."

அவள் தீன் தட்டை நடுவில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஏழு அலகும் ஒரே தட்டுக்குள் இருந்தன. தவிட்டுத் தண்ணி அவள் சட்டையெல்லாம் தெறித்தது. துடைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.