சிறிலின் வெள்ளை பல்புகள்

சிறிலுக்குக் கை சும்மா இராது. வாங்கிய கார் வாங்கியபடி இருந்தால் அவனுக்கு நித்திரை வராது. போன மாதம் ஹோனை மாற்றினான். நேற்று ஃபொக் லைற்றின் மஞ்சள் பல்புகளைக் கழற்றிவிட்டு, கண்ணைப் பறிக்கும் வெள்ளை பல்புகளைப் பூட்டினான்.

விடியற்காலை, மனைவி மேர்லினை மண்டூரில் வேலைக்கு விடுவதற்காகக் குருமண்வெளித் துறைக்கு வந்தபோது வாவி முழுக்கப் பனி. வாகனங்களை ஏற்றிவரும் மிதவையான ‘பாதை’ அக்கரையில் கிடந்தது. முதல் ஓட்டத்துக்கு முன்னர் தெரிந்தவர்களுக்கு மட்டுந்தான் அது வரும். சிறில் வந்துவிட்டான் என்பதற்குப் பாதைக்காரர் சாமித்தம்பிக்கு அந்த மஞ்சள் வெளிச்சந்தான் அடையாளம்.

சிறில் லைற்றைப் போட்டான். வெள்ளை வெளிச்சம் வெள்ளைப் பனியில் முட்டி அவன் முகத்துக்கே திரும்பியது. அணைத்து அணைத்துப் போட்டான். ஹோனை அழுத்தினான். இறங்கினான், ஏறினான், கதவை அடித்துச் சாத்தினான்.

"இந்தப் பாதைக்கார மனிசனுக்குக் கண்ணும் இல்லயா, காதும் இல்லயா?" என்று கத்தினான்.

மேர்லின் இறங்கிப்போய்த் தண்ணீரோரம் நின்று, "சாமித்தம்பியண்ணே!" என்று ஒரு குரல் கொடுத்தாள்.

"ஓம் தங்கச்சி, வாறன்!"

பாதை கரை தட்டியதும் சாமித்தம்பி சிறிலைப் பார்த்தார். "லைற்றும் உன்ட இல்ல, ஹோனும் உன்ட இல்ல. ஆரோ எவரோ எண்டு இருந்துட்டன், தம்பி."

மேர்லின் காரில் ஏறிக்கொண்டே அவரிடம் சொன்னாள்: "நல்ல காலம், இவர் என்னை இன்னும் மாத்தல்ல."