வாசல் லோங்காங் மூடியும் ஒரு மோட்டார் வண்டியும்

இந்த நாட்டில் வீட்டுத் தண்ணீரைக்கூட ஒளித்து வைக்கிறார்கள். நம் பக்கத்தில் பாத்திரம் கழுவிய நீர் கண்ணெதிரே ஓடி வாழைக்குப் பாயும். ஈப்போவில் நாங்கள் வாடகைக்குப் பிடித்த வீட்டிலோ அது மண்ணுக்கடியில் ஒரு சாக்கடையில் போய் மறைகிறது. லோங்காங் என்பார்கள். ரோட்டிலிருந்து வாசலுக்கு வரும் பாதையின் நடுவில், அடைப்பெடுப்பதற்கென்று ஒரு குழி. அதன்மேல் சிமெண்டுப் பலகை ஒன்று மூடியாகக் கிடக்கும். வந்த புதிதில் அதை மிதிக்கப் பயந்து சுற்றிக்கொண்டு நடப்பேன்.

ஒருநாள் காலையில் விறகு வண்டி அதன்மேல் ஏறியது. பலகை நடுவில் பிளந்து, ஒரு பாதி குழிக்குள் சரிந்தது. வேறொரு நாளாயிருந்தால் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு மோட்டார் வண்டி வருவதாக இருந்தது!

செமோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் பால்வாளி சுமந்தபோது, என் வீட்டுக்காரர் லாரியில் கையாளாக ஏறி, மெல்ல மெல்ல ஓட்டவும் படித்துக்கொண்டார். இப்போது ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, தம்முடைய வாடகை வண்டியை அவரிடம் ஒப்படைக்கச் சம்மதித்திருந்தார். "ராவுல வண்டி ரோட்டுல நிக்கக் கூடாதாம். நம்ம வாசலுக்குள்ள வரணும். அவரே கூட வந்து பாக்கிறாராம்லா" என்று சொல்லிவிட்டு இவர் விடியுமுன்பே புறப்பட்டுப் போயிருந்தார். வாசலில் குழியைக் கண்டால் தவுக்கே வண்டியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். நாங்கள் மறுபடியும் தோட்டத்துக் கூலி லயத்துக்குத்தான் போகவேண்டும். புதுப் பலகை வார்க்கலாமென்றால், சிமெண்டு காய்வதற்கு நாளாகும்.

வேலிக்கு அப்பால் ஆ லான் இருந்தாள். ஆற்று மணலை மரத்தட்டில் அலசி ஈயம் எடுக்கிற சீனப் பெண். அதுவரை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததோடு சரி. நான் தலையில் கைவைத்து நிற்பதைக் கண்டு வந்தாள். குழியை எட்டிப் பார்த்தாள். "பெசி, பெசி" என்றாள்.

பாவம், பசிக்கிறதாம்! இந்தச் சமயத்திலா என்று நினைத்தாலும் வாசலில் நின்று பசி என்றவளை எப்படி அனுப்புவது? சோற்றில் பருப்பை ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினேன். அவள் திகைத்தாள். பிறகு உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் தின்றாள். கையைக் கழுவிக்கொண்டு மறுபடியும், "பெசி!" என்றாள்.

"இன்னும் பசியா அக்கா?"

"புக்கான் மாக்கான்!" சாப்பாடு இல்லை என்று கையை ஆட்டிவிட்டு, சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியைக் கல்லால் தட்டினாள். டங், டங். "பெசி!"

இரும்பு! மலாயில் இரும்பைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தமிழில் பசி என்றால் என்னவென்று வயிற்றைத் தடவிக் காட்டினேன். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் கொட்டகைக்குப் பின்னால், ஈயச் சுரங்கத்தில் கழித்துப்போட்ட தண்டவாளத் துண்டுகள் கிடந்தன. இரண்டைச் சும்மாடு வைத்துச் சுமந்து வந்தேன். பால்வாளி சுமந்த தலைக்கு அது பாரமாகவே தெரியவில்லை. ஆ லான் உளியால் குழியின் செங்கல் விளிம்பை வெட்டி, துண்டுகளைக் குறுக்கே பதித்தாள். கடப்பாரையால் நெம்பிப் பலகையின் இரு பாதிகளையும் அவற்றின்மேல் உட்கார வைத்தோம். அசைந்த இடத்தில் ஓட்டுச்சில்லை அடித்து இறுக்கினோம். பிறகு இருவரும் கைகோத்துக்கொண்டு அதன்மேல் குதித்தோம். எனக்கு வயது இருபத்தைந்து; சிறுமியைப்போல் குதித்தேன்!

சாயங்காலம் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. வெட்டுண்ட செங்கல்லையும் பிளந்த பலகையையும் கண்டதும் இவர் முகம் வெளுத்துவிட்டது. "என்னா புள்ள இது?" என்றார். தவுக்கே இறங்கி, பலகையைச் சப்பாத்துக் காலால் உதைத்துப் பார்த்தார். ஆ லானிடம் சீனத்தில் ஏதோ கேட்டார். அவள் நீளமாகச் சொல்லி, கடைசியில் தன் வயிற்றைத் தடவிக் காட்டினாள். தவுக்கே கடகடவென்று சிரித்தார். "போலே" என்றார். ஆகட்டும் என்று அர்த்தம்.

முன்சக்கரம் ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரும்பு ஒருமுறை முனகியது. கண்ணைத் திறந்தபோது வண்டி என் வாசற்படியருகே நின்று புகை விட்டுக்கொண்டிருந்தது!

தவுக்கே விடைபெற்றுப் போனதும், ஆ லான் வண்டியைக் காட்டித் தன் நெஞ்சையும் தொட்டாள். "ஏறச் சொல்லு, செமோர் வரைக்கும் போலாம்" என்றார் இவர். பின் ஆசனத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். காற்று முகத்தில் அறைய, அவள் பாடினாள், நான் கத்தினேன்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பினாங்குக்குப் போகிற ரயில். அங்கேதான் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறுவார்கள். தோட்டத்தில் இருந்த நாளெல்லாம் அந்த ரயிலின் ஊதல் கேட்டால் ஓடிப்போய் ஏறிவிடமாட்டோமா என்று அழுதிருக்கிறேன். அன்றோ, இது சீக்கிரம் தொலையாதா, எங்கள் வண்டி போகவேண்டுமே என்று தவித்தேன். ஜன்னலோரத்தில் தகரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். ஊருக்குத் திரும்புகிறாள் போலும். இந்த நாட்டுக்காரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் அவளுக்குக் கையசைத்தேன். மற்றக் கையை ஆ லான் இறுகப் பிடித்திருந்தாள். கேட் திறந்தது, வண்டி நகர்ந்தது. நான் ரயில் போன பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்; ஆனாலும், "இன்னும் வேகமாப் போங்க" என்று இவரிடம் சொன்னேன்.