பஞ்சநாதன் மீசை எடுத்த ஞாயிற்றுக்கிழமை

நெரவியில் எந்த விழா நடந்தாலும் மைக் பஞ்சநாதனைத் தேடி வரும். வராவிட்டால் அவர் அதைத் தேடிப் போவார். காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். வீட்டில் ஒரு பீரோ நிறைய அவர் வாங்கிய பொன்னாடைகள். கட்டவும் முடியாது, துவைக்கவும் முடியாது, கரையான்கூட அதைச் சீண்ட மாட்டேன் என்கிறது என்று மனைவி பங்கஜவல்லி அலுத்துக்கொள்வாள்.

ஊர் நற்பணி மன்றத்துக்கும் அவர்தான் தலைவர். ரத்த தான முகாம் நடத்தினார், குத்துவிளக்கு ஏற்றினார். ஊசியைக் கண்டால் தலை சுற்றும் என்பதால் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

இந்த ஐப்பசியில் மன்றச் செயலாளர் நவநீதன் கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"தலைவரே, வெளிநாட்டுல நவம்பர் மாசம் ஆம்பளைங்க எல்லாம் மீசை வளக்குறாங்க. ஆம்பளைங்களுக்கு வர்ற நோய்க்கு விழிப்புணர்வாம். நாமளும் ஒரு முகாம் போட்டு அதைச் செஞ்சிருவோம்."

"நம்மூர்ல மீசை இல்லாதவன் எவன்டா? வளத்தா எவனுக்குத் தெரியும்?"

"அப்ப எடுத்துருவோம் தலைவரே."

மன்றக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் பலத்த கைதட்டல். யார் எடுப்பது என்ற கேள்வி வந்ததும், தட்டிய கைகளெல்லாம் அவரவர் மீசையைத் தடவிக்கொண்டன. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மைக் கையில் இருந்த தோஷம், "முதல் மீசை என் மீசை!" என்று முழங்கிவிட்டார் பஞ்சநாதன்.

இத்தனைக்கும் அவருக்கே உள்ளே ஒரு கோளாறு. ஆவணியிலிருந்து சிறுநீரில் ரத்தம் போகிறது. வேட்டி துவைக்கும் பங்கஜவல்லிக்குத்தான் அது முதலில் தெரிந்தது. கேட்டால், சூடு என்றார், இளநீர் குடித்தார். மறுபடி கேட்டால், ஆபீஸில் பீட்ரூட் சாப்பிட்டேன் என்றார். அவருடைய சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் கொடுப்பவளே அவள்தான். அப்படிப்பட்டவர் உட்கார்ந்து, "வெட்கம் வேண்டாம், வந்து காட்டுங்கள்" என்று துண்டுப் பிரசுரம் எழுதினார். எழுதும்போது கை நடுங்கவில்லை என்பதுதான் அவருடைய திறமை.

முகாம் அன்று காலை சலூனில் மீசையை எடுத்துவிட்டு, வெள்ளை வேட்டி சட்டையில், தூறலில் நனைந்துகொண்டே பைக்கில் ஊருக்குள் வந்தார். ஆண்பிள்ளை மீசையை எடுத்தால் அந்தப் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்: பெற்றவர்களில் ஒருவர் போய்விட்டார். தலையையும் மழிப்பது வழக்கம், ஆனால் பஞ்சநாதன் தலையில் மழிக்க ஒன்றும் மிச்சமில்லை. போதாததற்கு அவருடைய அப்பா போன வாரம்தான் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீடு திரும்பியது ஊருக்குத் தெரியாது.

அவர் தலை துவட்டி முடிப்பதற்குள் வாசலில் குடைகள் நிறைந்துவிட்டன. பெண்கள் மாரடித்துக்கொண்டே வந்தார்கள். போனில் சேதி கேட்டு, காரைக்காலிலிருந்து ஆபீஸ் நண்பர் கபீர் வேகமாக வந்து இறங்கினார். பிணத்தை எடுத்தாச்சா எடுக்கலையா என்று தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று கையில் ஒரு ரோஜா மாலை.

"என்னண்ணே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அய்யா எப்ப போனாங்க?"

உள்ளேயிருந்து அய்யாவே வந்தார். விரலில் இட்லிச் சட்னி.

"யாருக்கு மாலை?" என்றார்.

அழுகை பாதியில் நின்றது. சிலர் சிரித்தார்கள், சிலருக்கு ஏமாற்றம்கூட. பஞ்சநாதனுக்கோ கூட்டத்தைக் கண்டதும் நாக்கு அரித்தது. படியில் ஏறி நின்றார்.

"வந்ததுதான் வந்தீங்க, அப்படியே மண்டபத்துக்கு வாங்க, டாக்டரம்மா காத்திருக்காங்க."

உடனே ஊர் ஆண்களுக்கெல்லாம் வேலை முளைத்தது. ஒருவருக்கு வயலில் தண்ணீர் வடிக்க வேண்டும், ஒருவருக்கு உரம் வாங்க வேண்டும்.

"செத்தா ஓடி வர்றீங்க, சாவாம இருக்கறதுக்கு வரமாட்டேங்கறீங்களே! இது நியாயமா? வெக்கமா இல்ல?" என்று பொரிந்தார் பஞ்சநாதன். பேச்சு பிரமாதமாகத்தான் வந்தது.

"நல்லாப் பேசுறீங்க," என்றாள் பங்கஜவல்லி, நிலைப்படியில் நின்றபடி. "ஆவணியிலேருந்து உங்களுக்கு ரத்தம் போவுது. நீங்க எந்த டாக்டர்கிட்ட போனீங்க? சொல்லுங்க. எனக்கு ராத்திரி தூக்கம் போயி எவ்வளவோ நாளாச்சு."

பஞ்சநாதனுக்கு ஜென்மத்தில் முதல் தடவையாகப் பேச ஒன்றும் அகப்படவில்லை. அவமானத்தில் காது சுட்டது. திரும்பி உள்ளே போய்விடலாமா என்று பார்த்தார். வழியில் அப்பா நின்றார். கபீர் கையிலிருந்த மாலையைக் கிழவர் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வந்த மாலைன்னு சிரிச்சுக்கிட்டிருந்தேன்டா," என்றார். "இதை உனக்குப் போட வச்சிராத."

சொல்லிவிட்டு, ஊர் பார்க்க, அழுதார்.

பஞ்சநாதன் செருப்பை மாட்டினார். துக்கத்துக்கு வந்த கூட்டம் பாதியில் கலைவது வழக்கமில்லை, அதுவும் பின்னாலேயே நடந்தது. யாரைக் கேட்டாலும், தலைவருக்குத் துணைக்குப் போகிறேன் என்றார்கள்.

மண்டபத்தில் டாக்டர் விஷ்ணுப்ரியா காலி நாற்காலிகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார், பஞ்சநாதனுக்கு மகள் வயது. நவநீதன் பழக்கதோஷத்தில் மைக்கை நீட்டினான். பஞ்சநாதன் அதைத் தள்ளிவிட்டார்.

"எத்தனை நாளா இருக்குங்க?" என்றார் டாக்டர்.

"ஒரு நாலு நாளா..."

பங்கஜவல்லி அவரைப் பார்த்தாள்.

"மூணு மாசமா," என்றார்.

"ஏன் சார் இவ்வளவு நாள் வரல?"

அவருக்குச் சூடு தெரியும், பீட்ரூட் தெரியும், ஆபீஸ் வேலை தெரியும். மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார்.

"பயமா இருந்துச்சும்மா."

பின்னால் நின்ற ஆண்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. கபீர் மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அடுத்த ஆளாக உட்கார்ந்தார்.